பம்பிங் குறைந்தவர் வீட்டுக் கேள்விகள்: எக்கோ முதல் எம்ஆர்ஐ வரை

கோவையில் 19 வருடம் எக்கோ அறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரிக்கே திரும்பி வந்துவிட்டேன். காய் வாங்கப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை உருவி நீட்டுவார். "அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." ஆள்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் அதேதான். ஒவ்வொரு முறையும் நடுத்தெருவில் நின்று சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் இல்லை, படம் எடுத்தவள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது, அதை வைத்து வைத்தியம் எப்படி முடிவாகிறது என்பது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

"பம்பிங் 35ன்னு போட்டிருக்கு. அப்போ ஹார்ட்டு 35 பர்சன்ட்தான் வேலை செய்யுதா?"

இல்லை. இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். இதயத்தின் இடது கீழறை ரத்தத்தால் நிரம்புகிறது, பிறகு சுருங்கித் தள்ளுகிறது. நிரம்பியிருந்ததில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளியது என்பதே அந்த எண். ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று இருக்கும். எவ்வளவு நல்ல இதயமும் நூற்றுக்கு நூறு தள்ளாது, 55 முதல் 70 வரைதான் தள்ளும். ஆகவே 35 என்பதை நூறோடு ஒப்பிடாமல் அறுபதோடு ஒப்பிடுங்கள்.

40-ம் அதற்குக் கீழும் என்றால் பம்பிங் குறைவு, 41 முதல் 49 வரை லேசான குறைவு, 50-க்கு மேல் சரி என்று டாக்டர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த மாத்திரை, எந்தக் கருவி என்பது பெரும்பாலும் இந்தப் பிரிவை வைத்துத்தான் தொடங்கும். 60 இருந்தும் படியேற மூச்சு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இதயம் நன்றாகத்தான் சுருங்கும், விரிந்து நிரம்புவதில்தான் இறுக்கம். ஒரு எண்ணை மட்டும் பார்த்து ஆளை எடை போட முடியாது.

"போன மாசம் 42 இருந்துச்சு, இந்த மாசம் 37. ஒரே மாசத்துல இவ்வளவு இறங்கிடுச்சே!"

இறங்காமலும் இருக்கலாம். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலே ஐந்து, ஏழு புள்ளி வித்தியாசம் வரும். அறையின் உள்சுவரை இரண்டு கோணத்தில், நிரம்பிய நேரத்திலும் சுருங்கிய நேரத்திலும், கையால் கோடு இழுத்து அளக்கிறோம். இதற்கு சிம்ப்சன் முறை என்று பெயர். கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் தள்ளி வைத்தாலும் இதயத்தின் நுனி படத்தில் விழாது, அறை குட்டையாகத் தெரியும், எண் கூடிவிடும்.

என் கதையையே சொல்கிறேன். நான் 42 என்று எழுதிக் கொடுத்த ஒருவருக்கு ஐந்து வாரம் கழித்துப் பக்கத்து அறைக்காரர் 37 எழுதினார். மகன் வந்து சத்தம் போட்டார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். நுனியைக் கோட்டை விட்டது நான்தான். அவர் இதயம் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் இருந்தது. அன்றிலிருந்து, எண்ணை மட்டும் எழுதி அனுப்பாமல் எந்த முறையில் அளந்தது என்பதையும் எழுதுவேன். உங்கள் ரிப்போர்ட்டிலும் அதைத் தேடுங்கள். 'டீக்கோல்ஸ்' என்றோ 'எம் மோடு' என்றோ இருந்தால் ஒரே ஒரு கோட்டில் அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அட்டாக் வந்தவருக்கு ஒரு பக்கச் சுவர் மட்டும் அடிபட்டிருக்கும்; அந்தக் கோடு நல்ல சுவர் வழியாகப் போய்விட்டால் எண் ஏமாற்றும்.

"எக்கோல ஆர்.டபிள்யூ.எம்.ஏ.ன்னு இருக்கு. தசை செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

சுவரின் ஒரு பகுதி மற்ற பகுதிகளைப் போல அசையவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். குறைவாக அசைந்தால் ஹைப்போ, அசையவே இல்லையென்றால் ஏ, எதிர்ப்பக்கம் பிதுங்கினால் டிஸ் என்று கைனீசியாவுக்கு முன்னால் சேர்ப்பார்கள். அசையாததெல்லாம் செத்தது இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தை வைத்துச் சொல்கிறேன். ஜனவரி உறைபனியில் கருகிய செடி இருக்கிறதே, இலை முழுக்கப் பழுப்பாகி நிற்கும். சில வாரம் விட்டால் துளிர்த்துவிடும். அட்டாக் வந்து, அடைப்பை உடனே திறந்துவிட்ட பிறகும் தசை சில நாள், சில வாரம் அப்படி மலைத்துப்போய் நிற்கும். 1982-ல் பிரான்வால்ட், குளோனர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்து விளக்கினார்கள். இரண்டாவது வகை, வாய்க்கால் அடைபட்டுப் பல மாதமாகச் சொட்டுத் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செடி. கொழுந்து விடாது, ஆனால் வேர் உயிரோடு இருக்கும். ரத்தம் குறைவாக வரும் தசையும் இப்படித் தன் வேலையைச் சுருக்கிக்கொண்டு உறங்கும். மூன்றாவது வேர் அழுகிய செடி. அதற்குத் தண்ணீர் விட்டும் பிரயோஜனம் இல்லை.

மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு. எக்கோவில் நாங்கள் பார்ப்பது அந்தத் தூரத்துப் பார்வைதான். சுவர் ரொம்ப மெலிந்து, 6 மில்லிமீட்டருக்குக் கீழே போய், வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் வடுவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் வேரைத் தோண்டிப் பார்க்க வேறு படம் வேண்டும்.

"எம்ஆர்ஐயில மட்டும் அது எப்படித் தெரியுது?"

கையில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றிவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். இந்த மருந்து செல்லுக்குள் போகாது, செல்களுக்கு இடையே உள்ள சந்தில்தான் நிற்கும். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் சந்து குறைவு, மருந்து சீக்கிரம் வடிந்துவிடும். செத்த இடத்தில் செல் போய் நார் வந்திருக்கும், சந்து அதிகம், மருந்து தங்கிவிடும். படத்தில் நல்ல தசை கறுப்பு, வடு வெள்ளை. இங்கே எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை.

வெள்ளை எங்கே இருக்கிறது என்பதைவிட எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். அடைப்பால் வரும் வடு சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே பரவும், ஏனென்றால் ரத்தக்குழாய்கள் வெளிப்பக்கம் ஓடுகின்றன, உள்பக்கம் கடைமடை. சிகாகோ மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சுவர்க் கனத்தில் கால்பங்குக்குள் வடு நின்ற இடங்கள் ரத்த ஓட்டம் கிடைத்ததும் பெரும்பாலும் மீண்டன. முக்கால் பங்கைத் தாண்டிய இடங்கள் அநேகமாக மீளவே இல்லை. நடுவில் இருப்பது நிஜமாகவே சந்தேகக் கேஸ். ரிப்போர்ட்டில் 'ஐம்பது சதவீதம்' என்று வந்தால் டாக்டர் உடனே பதில் சொல்லாமல் யோசிப்பது அதனால்தான்.

"வயபிலிட்டி பார்க்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க. எம்ஆர்ஐ, தாலியம், பெட்... எதைத்தான் எடுக்கறது?"

எல்லாமே 'வேர் உயிரோடு இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. தாலியம் ஸ்கேனில், உயிருள்ள செல் மட்டுமே உள்ளே இழுத்துக்கொள்ளும் கதிரியக்க மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பெட் ஸ்கேனில் சர்க்கரை மாதிரியான ஒரு மருந்து. ரத்தம் குறைவாக வரும் இடத்தில் தசை சர்க்கரையை ஆவலோடு இழுத்தால் அது உறங்கும் தசை. டோபுட்டமின் எக்கோ என்றும் ஒன்று உண்டு. ஊசி மருந்தால் இதயத்தை மெல்லத் தட்டி எழுப்பி, அசையாத சுவர் அசைகிறதா என்று பார்ப்பது. குறைந்த அளவில் எழுந்து, அளவு கூடும்போது மறுபடி சோர்ந்தால் அந்தத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று புரிந்துகொள்வோம்.

எதை எடுப்பது என்பது ஆளைப் பொறுத்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு பெட் ஸ்கேன் தயாரிப்பு சிரமம், பழைய பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ சிக்கல். பெட் மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் அந்த ஸ்கேனுக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். என் சொந்த அபிப்பிராயம்: உங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் எதை எடுத்துப் பழகியிருக்கிறார்களோ அதையே எடுங்கள். வருடத்துக்கு நாலு கேஸ் பார்க்கிறவர் கையில் உசத்தியான கருவி இருந்தும் லாபமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், தேதி வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் அந்த ஸ்கேன் சேருமா என்று கேட்டுவிடுங்கள்.

"தசை உயிரோட இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சு. இனி ஸ்டென்ட் வெச்சா சரியாயிடும்தானே?"

பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன், பல டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பார்ப்பதற்கு நியாயமான கணக்கு: உறங்கும் தசைக்கு ரத்தம் கொடு, எழுந்துகொள்ளும். இதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் கணக்கு இடித்தது.

பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் உள்ள 1,212 பேரை வைத்து 'ஸ்டிச்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், பாதிப் பேருக்கு மாத்திரையோடு பைபாஸ். 2011-ல் முடிவு வந்தபோது மொத்த இறப்பில் உறுதியான வித்தியாசம் இல்லை. விடாமல் பத்து வருடம் பின்தொடர்ந்து 2016-ல் பார்த்தார்கள்: மாத்திரைக் கூட்டத்தில் நூற்றுக்கு 66 பேரும், பைபாஸ் கூட்டத்தில் 59 பேரும் இறந்திருந்தார்கள். பைபாஸுக்குப் பலன் இருந்தது, ஆனால் வெளியே தெரியவே வருடங்கள் ஆயின. விசித்திரம் என்னவென்றால், ஸ்கேனில் 'உயிருள்ள தசை' என்று வந்தவர்களுக்கு மட்டும் பைபாஸ் கூடுதலாக உதவியது என்று காட்ட முடியவில்லை. ஸ்டென்ட்டுக்கு, இங்கிலாந்தில் 700 பேரை வைத்து நடந்த 'ரிவைவ்டு' ஆய்வு 2022-ல் வந்தது. எல்லோருக்கும் உயிருள்ள தசை இருந்தது. இறப்போ இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ, ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 37, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 38.

இது நாள்பட்ட கேஸ்களுக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அட்டாக்கோடு வருகிறவருக்கு இந்தக் கணக்கு கிடையாது. அங்கே எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் அடைப்பைத் திறக்க வேண்டும். நெஞ்சுவலி தாங்கவில்லை என்று ஸ்டென்ட் வைப்பதும் வேறு விஷயம், அது வலியைக் குறைக்கும். 'தசை உயிரோடு இருக்கிறது, அதனால் உடனே ஸ்டென்ட்' என்று யாராவது சொன்னால், 'மாத்திரையை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்தாயிற்றா?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"அப்புறம் எதுக்குங்க ஸ்கேன்? காசு பிடுங்கவா?"

கோபம் புரிகிறது. மலையிலிருந்து இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, லாட்ஜில் தங்கி எடுக்கிற ஸ்கேன். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: ஸ்கேனுக்கு முன்னால் டாக்டரிடம், 'இதுல இப்படி வந்தா என்ன செய்வீங்க, அப்படி வந்தா என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடலாம்.

ஆனால் பதில் மாறுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. பைபாஸ் ஆபரேஷனே ஆபத்தானவர் என்றால், மீள வாய்ப்புள்ள தசை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு துணிவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். தசை கெட்டதன் காரணம் அடைப்பா வேறு எதாவதா, உள்ளே ரத்தக் கட்டி இருக்கிறதா, ஷாக் கொடுக்கும் மெஷின் வேண்டுமா என்பதையும் படம்தான் சொல்கிறது. அடுத்த மூன்று கேள்விகளும் அவைதான்.

"ஆஞ்சியோல அடைப்பே இல்லைன்னாங்க. அப்புறம் ஹார்ட்டு ஏன் வீங்குச்சு?"

அடைப்பு இல்லாமலே தசை கெடும். வருடக்கணக்கான குடி, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் தசை அழற்சி, நாள்முழுக்க வேகமாக ஓடும் துடிப்பு, சில கேன்சர் மருந்துகள், பிரசவத்தை ஒட்டி வரும் பலவீனம், பரம்பரை என்று காரணங்கள் நிறைய. எக்கோவில் எல்லாம் ஒரே மாதிரி 'பெரிதாகி, சோர்வாக' தெரியும்.

எம்ஆர்ஐயில் வடுவின் இடம் துப்புக் கொடுக்கும். அடைப்பு வடு உள்பக்கத்திலிருந்து தொடங்கும் என்று மேலே சொன்னேன். வடு சுவரின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இருந்து உள்பக்கம் சுத்தமாக இருந்தால் காரணம் அடைப்பு அல்ல. வயதானவர்களுக்குச் சுவர் தடித்து, அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் அதற்குத் தனி நியூக்ளியர் ஸ்கேன் இருக்கிறது. காரணம் தெரிந்தால் வைத்தியம் மாறும். குடியால் கெட்ட இதயம் குடியை விட்டபின் 25-லிருந்து 50-க்கு ஏறியதை நானே அளந்திருக்கிறேன். அன்று அளவுகோலை இரண்டு முறை சரிபார்த்தேன், மேலே சொன்ன 42 கேஸின் ஞாபகத்தில்.

"ஹார்ட்டு நுனியில ரத்தக் கட்டின்னு இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்களா?"

பெரும்பாலும் வேண்டாம். முன்பக்க அட்டாக்கில் இதயத்தின் நுனி அசையாமல் நின்றுவிட்டால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், அதுதான் பயம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை கொடுத்து, சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துக் கரைந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்துவார்கள் அல்லது நீட்டிப்பார்கள். சாதாரண எக்கோவில் சின்னக் கட்டி தப்பிவிடும், எம்ஆர்ஐ அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

வார்ஃபரின் வகை மாத்திரை என்றால் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். கீரை, முட்டைக்கோஸ், ப்ராக்கோலி எல்லாம் அந்த எண்ணை ஆட்டும். நம் ஊரில் விளைவதே அதுதான், சாப்பிடாதே என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறு வாரம் தொடாமல் இருக்காதீர்கள், தினமும் ஒரே அளவு போதும்.

"மெஷின் வைக்கணும்னாங்க. அப்புறம் 40 நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

நீங்கள் சொல்வது ஐசிடி, ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளேயே ஷாக் கொடுக்கும் கருவி. பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் என்பது அதற்கான முக்கிய எல்லை. ஆனால் அட்டாக் வந்த மறுநாள் எடுத்த 30 உண்மையான 30 அல்ல. உறைபனியில் கருகிய செடிக் கணக்கு இங்கேதான் வருகிறது. மலைத்துப்போன தசை எழுந்து 45 ஆகிவிட்டால் அந்த மெஷினே தேவையில்லை. அதனால் அட்டாக்குக்குப் பின் குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்குப் பின் சுமார் மூன்று மாதம், நல்ல மாத்திரைகளோடு காத்திருந்து மறுபடி எக்கோ எடுக்கிறார்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே வைத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வந்தது. மொத்த இறப்பு குறையவில்லை.

அடைப்பு இல்லாமல் கெட்ட இதயங்களில் கணக்கு இன்னும் சிக்கல். 2016-ல் வந்த டென்மார்க் ஆய்வில் மெஷின் திடீர் மரணத்தைப் பாதியாகக் குறைத்தது, மொத்த இறப்பை உறுதியாகக் குறைக்கவில்லை. அங்கேதான் எம்ஆர்ஐ வடு உதவுகிறது. சுவரின் நடுவே வடு உள்ளவருக்கு ஆபத்தான துடிப்பு வரும் வாய்ப்பு அதிகம். பம்பிங் 36 என்று எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு வைப்பதா வேண்டாமா என்று குழம்பும்போது அந்த வெள்ளைக் கோட்டை டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். காத்திருக்கும் நாட்களில் மயக்கம், படபடப்போடு கண் இருட்டுவது போன்றவை வந்தால் 40 நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"ஸ்டென்ட் வெச்சவங்க எம்ஆர்ஐக்குள்ள போனா காந்தம் இழுத்துடுமாமே?"

இழுக்காது. இதய ஸ்டென்ட், பைபாஸுக்குப் பின் நெஞ்செலும்பில் போடும் கம்பி, இப்போதைய செயற்கை வால்வுகள் எல்லாவற்றோடும் எம்ஆர்ஐ எடுக்கலாம். பேஸ்மேக்கரும் ஐசிடியும் மட்டும் எந்த மாடல் என்று பார்க்க வேண்டும், அந்த அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

"கிட்னியும் கொஞ்சம் வீக். அந்த மருந்து ஏத்தலாமா?"

கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். பழைய வகை கடோலினிய மருந்துகள் சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோலை இறுக்கும் ஒரு மோசமான நோயைக் கொண்டுவந்தன. இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. ஆஞ்சியோவுக்கு ஏற்றும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் அதிகம்.

"அந்தக் குகைக்குள்ள ஒரு மணி நேரம் எப்படிப் படுக்கறது?"

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பத்து, பதினைந்து வினாடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், பல முறை. வீட்டிலேயே மூச்சை வெளியே விட்டுவிட்டுப் பிடித்துப் பழகுங்கள். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு நீர் மாத்திரையால் நுரையீரல் நீரை வடித்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. காலை நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் வளைவுக்கு வளைவு தவிப்பீர்கள், பிறகு குகைக்குள்ளும் தவிப்பீர்கள். அன்றைக்கு மட்டும் ஸ்கேன் முடிந்து போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏப்ரல், மே சீசனில் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். விடிவதற்குள் கிளம்பாவிட்டால் ஸ்கேன் நேரம் போய்விடும். வரும்போது ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டர் பார்க்க விரும்புவது படத்தை.

"இந்தக் குளிரும் உயரமும் ஆகாதாமே. மேட்டுப்பாளையத்துல வீடு பார்க்கணுமா?"

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கோத்தகிரியில் கிடைக்கிறது, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியது. நோய் நிலையாக, மாத்திரையோடு இருக்கிறவருக்கு இந்த உயரம் தனியாகத் தடை இல்லை. நடக்கும்போதே மூச்சு வாங்குகிறவர், அட்டாக் வந்து சில நாளே ஆனவர் மலையேறும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குளிர் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி, அழுத்தம் ஏறி, பலவீனமான இதயத்துக்குச் சுமை கூடும். டிசம்பர், ஜனவரி விடியலில் ஏற்றத்தில் வாக்கிங் போகாதீர்கள், வெயில் வந்தபின் சமதரையில் நடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் ஊர் இது. பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். படம் எடுக்காமலே தெரிகிற ரிப்போர்ட் அது, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

"எனக்குச் சர்க்கரையே இல்ல. சர்க்கரை மாத்திரை எழுதிட்டாங்களே?"

டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்றால் தவறில்லை. சர்க்கரைக்காக வந்த மாத்திரை, இதயத்துக்கும் உதவுகிறது என்று பிறகு தெரிந்தது. பம்பிங் குறைந்தவருக்கு இப்போது நான்கு வகை மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், இது அதில் ஒன்று.

"35 இருந்தது 52 ஆயிடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?"

இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன், எல்லோரும் சந்தோஷமாகக் கேட்கும் கேள்வி. லண்டனில் இதையே சோதித்தார்கள். அடைப்பு இல்லாமல் இதயம் பெரிதாகி, மாத்திரையால் பம்பிங் சரியாகி, எந்தத் தொந்தரவும் இல்லாத 51 பேர். ஒரு பாதிக்கு மெல்ல மெல்ல மாத்திரையை நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 44 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. நிறுத்தாத பாதியில் ஒருவருக்கும் இல்லை. முடிவு 2018-ல் வந்தது. எண் ஏறியது மாத்திரை தாங்கிப் பிடிப்பதால். விறகு கட்டிய கயிற்றை, கட்டு சரியாக நிற்கிறதே என்று அவிழ்ப்பீர்களா?

குடி, வேகமான துடிப்பு மாதிரி காரணம் அடியோடு நீங்கியிருந்தால் டாக்டர் சிலவற்றைக் குறைக்கலாம், அதையும் எக்கோ பார்த்துப் பார்த்துத்தான். பிரசவத்தை ஒட்டி வந்தவர்கள் அடுத்த குழந்தைக்கு முன்னால் கட்டாயம் கேட்க வேண்டும். பம்பிங் முழுதாகத் திரும்பாமல் மறுபடி கருத்தரிப்பது தாயின் உயிருக்கே ஆபத்து.

"அம்மாவுக்கு மார்புக் கட்டிக்கு கீமோ. அதுக்கு ஏன் மாசாமாசம் எக்கோ?"

மாசாமாசமா, சில சுற்றுக்கு ஒரு முறையா என்பது மருந்தைப் பொறுத்தது. ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளும் டிராஸ்டுசுமாபும் தசையைத் தாக்கலாம். பம்பிங் எண் இறங்குவதற்கு முன்பே தசை இழைகள் சுருங்கும் அளவு குறையத் தொடங்கும். அதை 'ஸ்ட்ரெயின்' என்று அளக்கிறோம், நல்ல இதயத்தில் மைனஸ் 20 பக்கத்தில் இருக்கும். மைனஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இழை குட்டையாவதால் அந்தக் குறி. முதல் அளவிலிருந்து ஒப்பீட்டளவில் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எச்சரிக்கை. அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே ஒரு எக்கோ வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? கூடுமானவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் எடுங்கள். காரணம் 42, 37 கேள்வியில் இருக்கிறது.

"ஸ்டெம் செல் ஊசி போட்டா வடு போயிடுமாமே, லட்சக்கணக்குல கேக்கறாங்க?"

வடுவைத் தசையாக்கும் வைத்தியம் என்று நிரூபணமான ஊசி இன்று இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் வாங்க மாட்டார்கள். வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"அப்பாவுக்கு ஹார்ட்டு வீக்கம், அடைப்பு இல்ல. எங்களுக்கும் வருமா? நாங்களும் எக்கோ எடுக்கணுமா?"

வேறு காரணம் எதுவும் கிடைக்காமல் தசை பெரிதாகி பலவீனமானவர் என்றால், ஆமாம். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒரு எக்கோவும் ஒரு இசிஜியும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொந்தரவே இல்லாமல் தொடங்கிவிட்டிருக்கும் ஒரு இதயத்தை அப்படிப் பிடிக்கலாம், சீக்கிரம் மாத்திரை தொடங்கலாம். முதல் எக்கோ சுத்தமாக வந்தாலும் சில வருடத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் இந்த வகை எந்த வயதிலும் தலைகாட்டும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எக்கோ எடுக்கப் போகும்போது அப்பாவின் பழைய ரிப்போர்ட்டையும் எம்ஆர்ஐ சிடியையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ தூக்கத்தில் திடீரென்று போய்விட்டார்கள் என்று வீட்டில் பேசுவார்களே, அது எத்தனை வயதில் என்று பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.